கிற்றாரின் குரலை மாற்றியவர்கள்

வீணையின் நாதம் பலா மரத்திலும் அதைக் குடைந்தெடுத்த ஆசாரியின் கைப்பக்குவத்திலும் தங்கியிருக்கிறது. செய்து முடிக்கப்பட்ட வீணையொன்றின் குரலைக் கழற்றி எடுத்துவிட்டு வேறொரு குரலை அதில் பொருத்திக்கொள்ள எவராலும் முடியாது. வயலினுக்கும் இதே விதிதான். ஆனால், கடந்த நூற்றாண்டில் அமெரிக்காவில் உருவான மின் கிற்றார் இந்த விதிக்குக் கட்டுப்படவில்லை. அதன் குரலின் பெரும்பகுதி, தந்திகளுக்குக் கீழே திருகாணிகளினால் பொருத்தப்பட்டிருக்கும், தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய ஒரு பொருளில் அடங்கியிருக்கிறது. பிக்கப் என்பது அதன் பெயர். ஒரு காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்ட செப்புக் கம்பி. அதற்குள் வேறொன்றும் பெரிதாக இல்லை.

ஒரு பிக்கப்பைக் கழற்றிவிட்டு இன்னொன்றைப் பொருத்தும் வழக்கம் இன்று உலகெங்கும் சாதாரணமாகிவிட்டது. நான்கைந்து திருகாணிகள், இரண்டு மூன்று கம்பிகள், பற்றாசு வைப்பதற்கு ஒரு சூட்டுக்கோல் ஆகியவை இருந்தால் ஒரு பிற்பகலில் காரியம் முடிந்துவிடும். ஆனால், இந்த வழக்கம் வேரூன்றுவதற்கு நாற்பது ஆண்டுகள் சென்றன. கருவியின் குரலைத் தீர்மானிக்கும் அதிகாரம் தொழிற்சாலையிடமிருந்து வாசிப்பவரின் கைக்கு மாறிய கதை என்று அதைக் கூறலாம். இதிலே சிலருக்குப் புகழ் கிடைத்தது. சிலருக்குப் பணம் கிடைத்தது. செப்புக் கம்பியைச் சுற்றிய கைகளுக்கு நீண்டகாலமாக எதுவும் கிடைக்கவில்லை.

தாச்சியில் தொடங்கிய வரலாறு

1930களின் ஆரம்பத்தில் அமெரிக்க நடன மண்டபங்களில் வாத்தியக் குழுக்கள் பெருத்துவிட்டன. ட்ரம்பெட்டும் சக்ஸபோனும் முழங்கும்போது கிற்றார் வாசிப்பவர் மேடையில் இருக்கிறாரா என்பதே சபையோருக்குத் தெரியாது. ஹவாய் பாணிக் கிற்றார் கலைஞரான ஜோர்ஜ் பீச்சம் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் இதற்கொரு வழிதேடினார். 1831ஆம் ஆண்டு மைக்கேல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் தத்துவமே அவருக்குக் கைகொடுத்தது. காந்தப்புலத்தினுள் உருக்குத் தந்தி அதிரும்போது அப்புலம் குலைகிறது. அந்தக் குலைவு, அருகிலுள்ள கம்பிச்சுருளில் மிகச் சிறிய மின்னோட்டத்தைப் பிறப்பிக்கிறது. அதை ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் தந்தியின் அதிர்வு மண்டபம் முழுவதும் கேட்கும்.

பீச்சம் உருவாக்கிய கருவி வட்டமான உடலும் நீண்ட கழுத்தும் கொண்டிருந்தது. பார்ப்பதற்கு வறுக்கும் தாச்சியைப் போன்றிருந்ததால் அந்தப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அடோல்ஃப் ரிக்கன்பக்கருடன் சேர்ந்து அதை விற்பனைக்குக் கொண்டுவந்த பீச்சமுக்கு 1937 ஆகஸ்ட் 10ஆம் திகதியே காப்புரிமை கிடைத்தது. அதற்கு முன்னரே மற்றவர்கள் களத்தில் இறங்கிவிட்டார்கள். மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரிலிருந்த கிப்சன் கம்பனி 1936ஆம் ஆண்டு வெளியிட்ட கிற்றாரை சார்லி கிறிஸ்டியன் என்ற கறுப்பின இளைஞர் கையிலெடுத்தார். 1939ஆம் ஆண்டு பெனி குட்மனின் குழுவில் சேர்ந்த அவர், தாளத்துக்குத் துணைபோகும் கருவியாக இருந்த கிற்றாரைத் தனியாவர்த்தனம் செய்யும் கருவியாக மாற்றிக் காட்டினார். 1942ஆம் ஆண்டு காசநோய் அவரது உயிரைப் பறித்தபோது வயது 25 மாத்திரமே. அவர் பயன்படுத்திய அந்தப் பிக்கப்பை இன்றும் அவரது பெயராலேயே இசைக்கலைஞர்கள் அழைக்கிறார்கள்.

பிக்கப் செய்த வேலை சத்தத்தைப் பெருக்கியது மாத்திரமல்ல. உள்ளீடற்ற மரப்பெட்டி தேவையற்றுப்போனதால் திண்ணிய மரப்பலகையிலேயே கிற்றாரைச் செய்ய முடிந்தது. பலகை குறைவாக அதிர்வதால் தந்தியின் அதிர்வு நீண்ட நேரம் நிலைக்கிறது. தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்குவதற்கு அமெரிக்கா வரை போகவேண்டிய அவசியமில்லை. மீட்டியவுடன் நாதம் அற்றுப்போகும் கருவி என்று கருதப்பட்ட மண்டலினில் கர்நாடக இசையின் கமகங்களை யூ.ஸ்ரீநிவாஸ் இழைத்தெடுத்தாரே, அவர் கையிலிருந்தது பிக்கப் பொருத்தப்பட்ட மின் மண்டலின். 2014 செப்டெம்பரில் 45 வயதில் மறைந்த அந்த மேதையின் விரல்களுக்கே பெருமையெல்லாம் உரியது. ஆனாலும், அந்தச் செப்புச் சுருள் இல்லாதிருந்தால் அந்த நீண்ட நாதம் சபைக்கு வந்து சேர்ந்திருக்காது.

இரைச்சலை அடக்கிய மனிதர்

1950களில் அமெரிக்காவில் இரண்டு குரல்கள் உருவாகின. கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் டெலிகாஸ்டர் கிற்றாரையும், 1954ஆம் ஆண்டு மூன்று பிக்கப்புகளைக் கொண்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிற்றாரையும் வெளியிட்டார். இவற்றின் பிக்கப்புகள் ஒற்றைச் சுருளைக் கொண்டவை. கண்ணாடியில் மணி தட்டியதைப் போன்ற தெளிந்த ஒலி அவற்றுக்குண்டு. கூடவே ஒரு குறையும் உண்டு. ஒற்றைச் சுருள் தந்தியின் அதிர்வை மாத்திரமன்றி, சுற்றுப்புறத்திலுள்ள மின்மாற்றிகளும் விளக்குகளும் வெளியிடும் இரைச்சலையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் 60 ஹேர்ட்ஸ், எமது நாட்டில் 50 ஹேர்ட்ஸ். பழைய வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தி கேட்ட தலைமுறையினருக்கு அந்த ரீங்காரத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

இந்த இரைச்சலை அடக்கும் பொறுப்பு கிப்சன் தொழிற்சாலையில் சேத் லவர் என்ற இலத்திரனியல் வல்லுநரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் கண்ட வழி மிகவும் எளிமையானது. ஒரு சுருளுக்குப் பதிலாக இரண்டு சுருள்களை அருகருகே வைத்தார். இரண்டினதும் காந்தமுனைகள் எதிரெதிரானவை, மின்னிணைப்பும் எதிரெதிரானது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு சுருள்களிலும் எதிரெதிராகப் பிறந்து ஒன்றையொன்று அழித்துவிடும். தந்தியின் ஒலிக்கு இரண்டும் புரண்டிருப்பதால் அது அழியாமல் ஒன்றுசேரும். 1955 ஜூன் 22ஆம் திகதி காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்ட இந்தச் சாதனம் ஹம்பக்கர் எனப் பெயர்பெற்று 1957ஆம் ஆண்டு முதல் கிப்சனின் லெஸ் போல் கிற்றார்களில் பொருத்தப்பட்டது. ரே பட்ஸ் என்பவரும் ஏறத்தாழ அதே காலப்பகுதியில் கிரெட்ச் கம்பனிக்காக இதே போன்றதொன்றைச் செய்திருந்தார்.

காப்புரிமை கிடைக்கும் வரையில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்ற வாசகம் அச்சிடப்பட்ட சிறிய ஒட்டுத்தாள் ஒவ்வொரு ஹம்பக்கரின் அடியிலும் ஒட்டப்பட்டது. 1959 ஜூலை 28ஆம் திகதி காப்புரிமை வந்துவிட்ட பின்னரும் சில ஆண்டுகள் அதே தாளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு காப்புரிமை இலக்கத்துடன் புதிய தாள் வந்தது. அந்த இலக்கமோ லவரின் கண்டுபிடிப்புக்குரியதல்ல. லெஸ் போல் வடிவமைத்த தந்தி தாங்கியொன்றுக்கு வழங்கப்பட்ட இலக்கம் அது. பிரதிபண்ண முனைவோரைத் திசைதிருப்பவே அப்படிச் செய்தார்கள் என்று கூறுவோருமுண்டு, எழுதுவினைஞரின் கவனப்பிசகு என்போருமுண்டு. அச்சுப்பிழைகளுடன் காலமெல்லாம் மல்லுக்கட்டிய தொழிலைச் சேர்ந்தவன் என்ற வகையில் எனக்கு இரண்டாவது விளக்கமே நம்பத்தகுந்ததாகத் தோன்றுகிறது.

அந்த முதல் ஒட்டுத்தாளின் ஆங்கில முதலெழுத்துக்களான பி.ஏ.எஃப். என்பது இன்று கிற்றார் உலகில் மந்திரச் சொல்லாகிவிட்டது. அந்தத் தாள் ஒட்டிய அசல் பிக்கப் ஒன்று ஆயிரக்கணக்கான டொலர்களுக்கு விலைபோகிறது. ஏன் என்பதற்கான பதில் சுவாரஸ்யமானது. அந்நாளில் கிப்சன் பயன்படுத்திய சுற்றும் இயந்திரங்களில் சுற்றுகளைச் சரியாக எண்ணி நிறுத்தும் வசதி இருக்கவில்லை. சுருள் நிறைந்துவிட்டதாகக் கண்ணுக்குத் தெரிந்ததும் நிறுத்தினார்கள். சுருளொன்றுக்கு 5,000 சுற்றுகள் என்பது நோக்கம். நடைமுறையில் ஒன்று கூடும், இன்னொன்று குறையும். காந்தங்களும் கையிருப்பில் கிடைத்ததைப் பொறுத்து மாறின. ஆகவே ஒரு கிற்றாரைப் போல இன்னொரு கிற்றார் ஒலிக்கவில்லை. சில மந்தமாக இருந்தன, சில அற்புதமாக அமைந்துவிட்டன. உலகம் நினைவில் வைத்திருப்பது அற்புதங்களை மாத்திரமே.

உளியும் சூட்டுக்கோலும்

அந்த அற்புதங்கள் விற்கவில்லை என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. போதிய விற்பனை இன்மையால் கிப்சன் 1960ஆம் ஆண்டுடன் பழைய வடிவத்து லெஸ் போல் கிற்றாரைக் கைவிட்டது. 1966ஆம் ஆண்டு லண்டனில் எரிக் கிளாப்டன் என்ற இளைஞர் அவ்வாறு கைவிடப்பட்ட கிற்றார் ஒன்றைக் கொண்டு ஜோன் மயோலின் குழுவுடன் இசைத்தட்டொன்றைப் பதிவு செய்தார். வால்வு அம்ப்ளிபயரின் சத்தத்தை உச்சத்துக்கு முறுக்கிவிட்டு, அந்தப் பழைய ஹம்பக்கரினால் அதைத் திணறடித்து அவர் எழுப்பிய தடித்த குரல் ஒரு தலைமுறையின் காதில் ஏறிக்கொண்டது. எல்லோரும் பழைய லெஸ் போலைத் தேடத் தொடங்கினார்கள். சந்தையில் அது இல்லை.

கிப்சன் 1968ஆம் ஆண்டு மீண்டும் தயாரிப்பைத் தொடங்கியது. ஆனால், 1969ஆம் ஆண்டு வெளியிட்ட டிலக்ஸ் மாதிரியில், துணைக் கம்பனியான எபிபோனுக்கென்று செய்யப்பட்ட சிறிய ஹம்பக்கர்களைப் பொருத்தியது. இளைஞர்கள் உளியை எடுத்தார்கள். புத்தம்புதிய கிற்றாரின் மரத்தைக் குடைந்து, குழியை அகலப்படுத்தி, பெரிய ஹம்பக்கர்களைத் திணித்தார்கள். ஃபெண்டர் கம்பனியும் 1965ஆம் ஆண்டு சீ.பி.எஸ். நிறுவனத்திடம் கைமாறியிருந்தது. அதற்குப் பின்னர் வந்த கருவிகளின் தரம் தாழ்ந்துவிட்டது என்ற மனக்குறை பரவலாக இருந்தது. பெரிய கம்பனிகள் கொடுக்காததைத் தாங்களே செய்துகொள்ளலாம் என்ற துணிவு அந்த மனக்குறையிலேதான் பிறந்தது.

அந்தத் துணிவை வியாபாரமாக்கியவர் நியூயோர்க்கின் லரி டிமார்சியோ. 1972ஆம் ஆண்டு அவர் செய்த சூப்பர் டிஸ்டோர்ஷன், கிற்றார் இல்லாமல் பிக்கப்பை மட்டும் தனியாக வாங்கிப் பொருத்துவதற்கென்றே உருவான முன்னோடித் தயாரிப்பு. அல்நிக்கோ எனப்படும் அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலப்புக் காந்தத்துக்குப் பதிலாக வலிமையான செராமிக் காந்தத்தைப் பயன்படுத்தி, கம்பியையும் கூடுதலாகச் சுற்றியிருந்தார். அம்ப்ளிபயரை உடனடியாகத் திணறடிப்பதே அதன் ஒரே நோக்கம். கிஸ் குழுவின் ஏஸ் ஃபிரேலி போன்றோர் அதைப் பயன்படுத்தியதும் நாடெங்கும் தேவை பெருகியது. இரண்டு சுருள்களும் பாலாடை நிறத்திலிருக்கும் தோற்றத்தைக் கூட அமெரிக்காவில் டிமார்சியோ தமது வர்த்தகச் சின்னமாகப் பதிவுசெய்து வைத்துக்கொண்டார். கெட்டிக்கார வியாபாரி!

சீமோர் டங்கனின் கதை வேறு வகையானது. நியூஜேர்சியில் பதின்ம வயதில் இருந்தபோது பழுதான பிக்கப் ஒன்றை இசைத்தட்டுச் சுழலும் மேடையில் வைத்துத் தாமாகவே கம்பி சுற்றித் திருத்தியவர் அவர். 1970களின் முற்பகுதியில் லண்டனில் ஃபெண்டர் கிற்றார்களைத் திருத்தும் வேலையிலிருந்த அவர், தாம் பெரிதும் மதித்த ஜெஃப் பெக்குக்குப் பரிசளிப்பதற்காக ஒரு கருவியை உருவாக்கினார். பழைய டெலிகாஸ்டர் உடல், அதில் பழைய கிப்சன் ஒன்றிலிருந்து எடுத்துத் தமது கையினால் மீளச் சுற்றிய இரண்டு ஹம்பக்கர்கள். பெக் அதற்குப் பதிலாகத் தமது யார்ட்பேர்ட்ஸ் காலத்து எஸ்குவயர் கிற்றாரையே டங்கனுக்குக் கொடுத்துவிட்டார். 1975ஆம் ஆண்டு வெளியான பெக்கின் இசைத்தட்டில், ஸ்டீவி வொண்டர் இயற்றிய மெல்லிய பாடலொன்றை வாய்ப்பாட்டே இல்லாமல் அழவைத்த குரல் அந்தக் கலப்புக் கிற்றாருடையது. ஃபெண்டரின் கூர்மையும் கிப்சனின் கனமும் ஒரே உடலில் வாழலாம் என்பதற்கு அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை. அமெரிக்கா திரும்பிய டங்கன் கலிபோர்னியாவின் சாந்தா பாபராவில் ஆரம்பித்த கம்பனி இன்றும் இயங்குகிறது.

எடி வான் ஹேலனிடம் டங்கனின் நுட்பமும் இல்லை, டிமார்சியோவின் வியாபாரமும் இல்லை. பிடிவாதம் இருந்தது. 50 டொலருக்குக் கழிவு உடல் ஒன்று, 80 டொலருக்குக் கழுத்து ஒன்று. தமது கிப்சன் 335 கிற்றாரைக் கழற்றி அதிலிருந்த ஹம்பக்கரை எடுத்து இந்த உடலில் சற்றுச் சரிவாகப் பொருத்தினார். இரண்டு கம்பனிகளினதும் தந்தி இடைவெளிகள் வேறுபடுவதனால் அந்தச் சரிவு தேவைப்பட்டது. சத்தத்தைக் கூட்டும்போது சுருளின் தளர்ந்த கம்பிகள் தாமே அதிர்ந்து கீச்சிடுவதைத் தடுப்பதற்காகப் பிக்கப்பை உருக்கிய பாரபின் மெழுகில் தோய்த்தெடுத்தார். 1978ஆம் ஆண்டு வெளியான அவர்களது முதல் இசைத்தட்டு, அந்த 130 டொலர் பலகையின் குரலை உலகின் குரலாக்கியது. 2007ஆம் ஆண்டு ஃபெண்டர் கம்பனி சிகரெட் சூடு முதற்கொண்டு அச்சொட்டாகப் பிரதிசெய்து 300 கிற்றார்களை வெளியிட்டபோது விலை 25,000 டொலர்!

உண்மையில் மாறுவது என்ன?

பிக்கப்பை மாற்றினால் குரல் மாறும் என்பது உண்மையா, வியாபாரிகளின் வார்த்தை ஜாலமா என்ற கேள்வி வாசகர்களுக்கு எழலாம். கணக்குப் போட்டே காட்டலாம். பிக்கப்பில் சுற்றப்படும் கம்பி தலைமயிர் அளவு தடிப்பானது. சுற்றுகள் கூடக்கூடச் சுருளின் தூண்டுதிறன் அதிகரிக்கிறது. அது அம்ப்ளிபயருக்குப் போகும் வயரின் கொள்ளளவத்துடன் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட மீடிறனில், அதாவது தமிழகத்தவர்கள் அதிர்வெண் என்று சொல்லும் அளவில், பரிவடைகிறது. அந்த இடத்தில் ஒலி எடுப்பாகி, அதற்கு மேலே சரசரவென்று தேய்ந்துவிடும். வழமையான வயருடன் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஒற்றைச் சுருளுக்கு அந்த இடம் ஏறத்தாழ 4,000 ஹேர்ட்ஸ். பழைய ஹம்பக்கருக்கு 3,000 அளவில். கம்பி கூட்டிச் சுற்றிய ஆவேசப் பிக்கப்புகளில் 2,000 ஹேர்ட்ஸை நெருங்கிவரும். மனிதக் காது மிகவும் கூர்மையாக இயங்குவது இந்த எல்லைக்குள்தான். பேச்சில் மெய்யெழுத்துக்கள் தெளிவு பெறுவதும் இங்கேதான். ஆகவே, அந்தப் பரிவு சிறிது நகர்ந்தாலே வேறொருவர் பேசுவதைப் போல எமக்குக் கேட்கிறது. சத்தம் வேண்டுமென்று சுற்றுகளைக் கூட்டினால் கூர்மையை இழக்கவேண்டும். இரண்டையும் சேர்த்துத் தருவதாக விளம்பரம் செய்பவர்களை நம்புவதில் அவதானம் தேவை. (பிக்கப்புக்குள்ளேயே பற்றரியில் இயங்கும் சிறிய பெருக்கியை வைத்து வயரின் பாதிப்பை அறுத்தவர்களும் உண்டு. பாரமான உலோக இசைக்காரர்கள் அதை விரும்புகிறார்கள்.)

இருந்தாலும், பெரும்பாலானோர் பணத்தைச் செலவழிப்பதற்கு முன்னர் செய்யவேண்டியதைச் செய்வதில்லை. பிக்கப்பின் இரு பக்கங்களிலுமுள்ள திருகாணியை அரைச் சுற்றுத் திருப்பி அதைத் தந்தியிலிருந்து சிறிது விலக்கினாலோ நெருக்கினாலோ கேட்கும் மாற்றம், சிலவேளைகளில் புதிய பிக்கப் தரும் மாற்றத்துக்கு ஈடானது. அதிகம் நெருக்கினால் காந்தம் தந்தியை இழுத்து சுருதியையே தள்ளாடச் செய்துவிடும். ஒலிபெருக்கியின் கூம்பை மாற்றினால் எல்லாவற்றையும் விடப் பெரிய வித்தியாசம் தெரியும். வாசிப்பவரின் விரலைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

சுற்றிய கைகள்

பழைய பிக்கப்புகளின் புகழ் வளர்ந்ததும் அவற்றைப் பிரதிசெய்யும் தொழில் பெருகியது. அன்றைய கம்பி, அன்றைய காந்தம், அன்றைய பிளாஸ்டிக் என்று தேடிப்பிடித்தார்கள். அந்த இயந்திரங்களின் தடுமாற்றத்தையும் திட்டமிட்டுப் பிரதிசெய்கிறார்கள். எண்ணிக்கை தவறியதனால் பிறந்த குரலை எண்ணிக்கை பிசகாமல் தயாரிக்கிறார்கள். இதனால் பயனடைந்த தலைமுறையில் சேத் லவர் இல்லை. காப்புரிமை கம்பனியின் பெயருக்கே உரித்தாகியிருந்தது. 1967ஆம் ஆண்டு போட்டிக் கம்பனியான ஃபெண்டருக்கு மாறிய அவர், தமது பிற்காலத்தில் டங்கனுடன் நட்புக்கொண்டு தமது பழைய ஹம்பக்கரை அதே முறையில் மீண்டும் உருவாக்கிக் கொடுத்தார். 1994ஆம் ஆண்டு வெளிவந்த அந்தப் பிக்கப்புக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது. மூன்று ஆண்டுகளில் அவர் காலமானார்.

அபிகெய்ல் இபாரா 1956ஆம் ஆண்டு ஃபெண்டர் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து பிக்கப் சுற்றியவர். அவரைப் போன்ற பெண்கள், நுண்ணிய கம்பி அறுந்துவிடாமல் விரலினால் வழிநடத்திக்கொண்டு நாள் முழுவதும் சுருள்களை நிரப்பினார்கள். சுற்றி முடித்த பிக்கப்பின் அடியில் பெயரின் முதலெழுத்தையும் திகதியையும் எழுதி வைப்பது அவரது வழக்கம். அது தரக் கண்காணிப்புக்கான குறிப்பு. எந்த இசைத்தட்டின் உறையிலும் அந்த எழுத்துக்கள் அச்சாகவில்லை. பல தசாப்தங்கள் கழித்துத்தான், பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களைத் திறந்து பார்த்தவர்கள் அந்த எழுத்துக்களைத் தேடத் தொடங்கினார்கள். கம்பனியும் விழித்துக்கொண்டு அவரது கைச்சுற்றலுக்குத் தனி விலை வைத்தது. 2013ஆம் ஆண்டு அவர் ஓய்வுபெற்றபோது சேவைக்காலம் அரை நூற்றாண்டைத் தாண்டியிருந்தது.

மாற்றப்படாத பழைய கிற்றாருக்கே சந்தையில் மதிப்பு அதிகம், ஒரு திருகாணியை மாற்றினாலும் விலை விழுந்துவிடும் என்பது சேகரிப்பாளர்களின் பொதுவிதி. 2019 ஜூன் மாதம் நியூயோர்க்கில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் பிங் ஃபுளோய்டின் டேவிட் கில்மோர் பயன்படுத்திய கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 39 இலட்சத்து 75 ஆயிரம் டொலருக்கு விலைபோனது. அதன் கழுத்துப் பலமுறை மாற்றப்பட்டிருந்தது. பாலத்தையடுத்த பிக்கப்பும் பலமுறை மாற்றப்பட்டு, இறுதியில் சீமோர் டங்கன் சுற்றியது அங்கே இருந்தது. அடுத்த ஆண்டு அந்தச் சாதனையை முறியடித்து 60 இலட்சம் டொலருக்கு மேல் விற்பனையான கேர்ட் கொபேனின் மார்ட்டின் கிற்றாரிலும் அவர் பின்னர் பொருத்திக்கொண்ட பிக்கப் ஒன்று உண்டு. ஜெஃப் பெக் காலமாகி இரண்டு வருடங்களின் பின்னர், 2025 ஜனவரியில் லண்டனில் அவரது கருவிகள் ஏலத்துக்கு வந்தன. டங்கன் செய்துகொடுத்த கலப்புக் கிற்றாரும் அவற்றில் இருந்தது. அன்றைய ஏலத்தில் அதிக விலையாகப் 10 இலட்சம் பவுணுக்கு மேல் பெற்றது 1954ஆம் ஆண்டு லெஸ் போல் ஒன்று. பெக் வாங்குவதற்கு முன்னரே யாரோ ஒருவர் அதன் அசல் பிக்கப்புகளைக் கழற்றிவிட்டு ஹம்பக்கர்களைப் பொருத்தியிருந்தார்.